வங்கிக் கணக்குத் திறந்தாயிற்று, இனி? கனடாவின் ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

விமான நிலையத்திலிருந்து உங்களை ஏற்றிவந்த மச்சானோ மாமாவோ வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்திருப்பார்: சின் நம்பர் என்ற சமூகக் காப்புறுதி இலக்கம் எடுக்க வேண்டும், வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும், சுகாதார அட்டை, கார் ஓட்டுவதற்கான எழுத்துப் பரீட்சை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அவற்றுக்கு யாராவது உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள், கவலை வேண்டாம். நான் எழுத வந்தது அந்த ஓட்டமெல்லாம் முடிந்த மறுநாள் காலையைப் பற்றி. மச்சான் வேலைக்குப் போய்விட்டார். நீங்கள் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில் தனியே இருக்கிறீர்கள். தரைமட்டத்துச் சின்ன ஜன்னலில் யாருடையவோ சப்பாத்துக் கால்கள் மட்டும் கடந்து போகின்றன.

"முதலில் காலூன்றுவோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றுதான் நானும் இருந்தேன். நான்கு வருடம் இரவு வேலை, பகலில் தூக்கம். வீட்டிலிருந்து தெற்கே பஸ் பிடித்தால் ஒரு பெருந்தண்ணீர் கிடக்கிறது என்பதை ஐந்தாம் வருடம்தான் போய்ப் பார்த்தேன். பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவன் நான்! அந்த நான்கு வருடத்துக்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆகவே இங்கே சொல்பவற்றைக் காலூன்றும் முன்பே செய்யுங்கள். பெரும்பாலானவற்றுக்குக் காசு வேண்டாம்.

முதலில் தேத்தண்ணீர். அது சரிவராவிட்டால் அன்று வேறொன்றும் சரிவராது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பால் பையில் வரும். நான்கு லீற்றர் என்று வாங்கும் பெரிய பைக்குள் 1.33 லீற்றர் அளவில் மூன்று சின்னப் பைகள் இருக்கும். அவற்றை நிறுத்தி வைப்பதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் ஜாடி தனியாக விற்கிறார்கள். எனக்கு அது தெரியாது. பையின் வாயை அகலமாக வெட்டி, சட்டியில் சாய்த்து வைத்து, அரைப் பங்கு பாலைத் தரைக்குக் கொடுத்தேன். நீங்கள் பையை ஜாடிக்குள் இறக்கி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி அடியில் உட்காரவையுங்கள். பிறகு ஒரு மூலையைச் சுண்டுவிரல் நகமளவு வெட்டுங்கள். எதிர் மூலையில் ஊசி நுழையும் அளவுக்கு இன்னொரு வெட்டுப் போட்டால் காற்றுப் போய்ப் பால் சீராக விழும். தேத்தண்ணீருக்கு 3.25 சதவீதக் கொழுப்புள்ள பாலே பொருத்தம். உடம்புக்கு நல்லது என்று ஒரு சதவீதப் பால் வாங்கித் தருவார்கள். அதில் எவ்வளவு சாயம் விட்டாலும் தேத்தண்ணீர் அழுது வடியும்.

அடுத்தது தாளிதம். செத்தல் மிளகாய் எண்ணெயில் விழுந்த அரை நிமிடத்தில் கூரையில் இருக்கும் புகை அலாரம் வீடு இடிகிற மாதிரிக் கத்தும். முதல் முறை நானும் துடைப்பமும் ஒரு நாற்காலியும் பட்ட பாடு பெரிது. பற்றரியைக் கழற்றி வைக்கும்படி அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், அது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து. அடுப்புக்கு மேலிருக்கும் விசிறியை எண்ணெய் காயும் முன்பே போட்டு, ஜன்னலையும் ஒரு விரற்கடை திறந்துவிட்டால் போதும். இன்னொன்று: சமைக்கும்போது குளிர்ச் சட்டைகளை அலமாரிக்குள் பூட்டி வையுங்கள். கதவோரம் தொங்கவிட்ட ஜாக்கெட் மீன் பொரியல் வாசத்தைக் குடித்துவிட்டு, மறுநாள் பஸ்ஸின் சூட்டில் அதைத் திருப்பித் தரும். தூள் இடிக்கச் சரக்கு வறுக்கும் வேலையைக் கோடைக்கு ஒத்திவைத்து, வீட்டுக்குப் பின்னால் வெளியில் வையுங்கள். அந்த வாசத்துக்கு மற்றத் தமிழ் வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். நான்கு சினேகிதம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

குளிர்காலத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருப்பார்கள். என்னைக் கேட்டால் குளிரைவிட இருட்டுத்தான் ஆளை மடக்கும். மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். பேஸ்மென்றில் இருப்பவருக்கு நாள் முழுவதுமே இரவு. மதியம் ஒரு பதினைந்து நிமிடம், வேலை இருக்கிறதோ இல்லையோ, சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள். ஒரே நேரத்தில் ஒரே வழியில் போனால் ஒரு கிழமைக்குள் நாயோடு வரும் கிழவர் தலையசைப்பார். இரண்டாம் கிழமை அவர் குளிரைப் பற்றி ஏதாவது சொல்வார். அது வானிலை அறிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் "சாப்பிட்டீர்களா?" என்பது போல, இங்கே "இன்று பரவாயில்லை, காற்று இல்லை" என்பது. "ஓம், நேற்றைவிட நல்லது" என்ற அளவில் பதில் சொல்லுங்கள். எத்தனை பாகை என்று கைப்பேசியை எடுத்துக் காட்டத் தேவையில்லை.

ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம். "பனிக்குத் தலையை மூடிக்கொண்டு போ" என்று அம்மா சொல்லும் பனி. இங்கே அதே சொல்லுக்குள் முழங்கால் வரை புதைகிறது. முதற் பனி கொட்டும் இரவில் தூங்கிவிடாதீர்கள். சத்தத்தைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்வதால் தெரு முழுவதும் மூச்சடக்கியது போல இருக்கும். தெருவிளக்கின் வெளிச்சம் நிலத்திலும் மேகத்திலும் பட்டுத் திரும்பி, நள்ளிரவிலும் மங்கிய வெளிச்சம் நிற்கும். நல்ல குளிரானால் காலடியில் பனி கிறீச் என்று கத்தும். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் படுங்கள். காலையில் எழுந்தால் அதே பனி உங்கள் முதுகை முறிக்கும். ஆட்கள் மிதித்துப் பாறையாக்கும் முன் வழித்துவிடுவது சுகம். வீட்டு வாசலை வழித்து முடித்து நிமிரும்போது நகரத்து வண்டி வந்து தெருப் பனியை உங்கள் வாசலிலேயே குவித்துவிட்டுப் போகும். அதற்கு எல்லோரும் எல்லா மொழியிலும் திட்டுவார்கள். நீங்கள் தமிழில் திட்டலாம். வாடகைக்கு இருப்பவர்கள், பனி வழிப்பது யார் பொறுப்பு என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒருநாள் நீங்கள் எழும்பும் முன் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நடைபாதையையும் சேர்த்து வழித்திருப்பார். நன்றி சொல்லத் தட்டில் பலகாரத்தோடு ஓட வேண்டாம். அடுத்த பனிக்கு நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். பலகாரம் தைப்பொங்கலுக்கு.

அயலவரோடு கதைக்க இன்னொரு நல்ல சந்தர்ப்பம் குப்பை நாளுக்கு முந்திய இரவு. தெருவே தொட்டிகளை உருட்டிக்கொண்டு வெளியில் வரும். பச்சைத் தொட்டியில் சமையல் கழிவு போகும், அது ஒவ்வொரு கிழமையும் எடுபடும். அதன் பூட்டைச் சரியாகத் திருகுங்கள். இல்லையென்றால் கண்ணுக்குக் கறுப்பு முகமூடி கட்டிய றக்கூன் என்ற பிராணி ஒன்று இரவு வந்து, எங்கள் முருங்கைக்காய்ச் சக்கைகளையெல்லாம் புல்வெளியில் பரப்பி வைத்துவிடும். எதிர்வீட்டு ஜமேக்காப் பெண்மணியோடு எங்கள் வீட்டுக்கு உறவு வந்தது அப்படிப் பரவியதைப் பொறுக்கும்போதுதான். சக்கையை விரலால் தூக்கிப் பிடித்து, இது என்ன மரக்கட்டையா என்று கேட்டார்.

இப்போது இரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று. பிரெஸ்ரோ என்ற பயண அட்டையைப் பஸ்ஸில் ஒருமுறை தட்டினால் அந்தக் கட்டணம் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். இடையில் இறங்கலாம், ஏறலாம், வந்த திசையிலேயே திரும்பலாம். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது இங்கே பலருக்கும் பழக்கம். பின்கதவால் இறங்குபவர்கள்கூடக் குரல் கொடுப்பார்கள். முதலில் நூலகத்தில் இறங்குங்கள். ஸ்காபரோவும் அடங்கிய ரொறன்ரோ நகரில் நூறு கிளைகள் இருக்கின்றன. பெயரும் முகவரியும் தெரியும் ஓர் ஆவணத்தைக் காட்டினால் அட்டை இலவசம். மல்வேர்ன், சீடர்பிரே போன்ற கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. 2022 முதல் தாமதக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். அதற்காக ஆண்டுக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், வரிசையில் நானும் நிற்கிறேன். வாசிக்காவிட்டாலும் போய் உட்காரலாம். சூடான அறை, பெரிய ஜன்னல், ஏன் வந்தாய் என்று கேட்க ஆளில்லை. பேஸ்மென்றுக்காரருக்கு இதைவிடப் பெரிய மாளிகை கிடையாது.

திரும்பும் வழியில் தமிழ்க் கடையில் இறங்கி இடியப்பமும் சம்பலும், கையில் சூடாக ஒரு மீன் ரோல்ஸும். காசு கொடுக்கும் இடத்தில் நிற்கும் அக்கா, "தம்பி, ஊரில் எவ்விடம்?" என்று கட்டாயம் கேட்பார். இந்தக் கேள்வியில் எனக்குப் பல கணக்குத் தீர்க்க இருக்கிறது. அதற்குள் சாதியை மோப்பம் பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்த அக்கா தேடுவது தன் ஊர்க்காரர் ஒருவரைத்தான். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் எவ்விடம் என்று திருப்பிக் கேளுங்கள். மூன்றாம் முறை போகும்போது ரோல்ஸ் பொரித்தது எத்தனை மணிக்கு என்ற உண்மையை அவரே சொல்வார்.

பங்குனியில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அந்த மாதமே ஜன்னலோரம் தயிர்க் கோப்பைகளில் மிளகாயும் கத்தரியும் விதைத்துவிடுங்கள். வெளியில் வெயிலைக் கண்டு சித்திரையிலேயே நட்டுவிடாதீர்கள், ஓர் இரவுக் குளிரில் எல்லாம் கருகிவிடும். மே மாதம் விக்ரோரியா தின நீண்ட வார இறுதி வரை பொறுப்பது இங்குள்ள தோட்டக்காரர்களின் கணக்கு. வளவு இல்லாதவர்களுக்குப் பல்கனியில் இரண்டு வாளி போதும். கறிவேப்பிலையை மட்டும் தொட்டியிலேயே வையுங்கள். புரட்டாதியில் இரவு பத்துப் பாகைக்கு இறங்கத் தொடங்கும்போது அது பிள்ளை மாதிரி வீட்டுக்குள் வர வேண்டும்.

கடைசியாக அந்தத் தண்ணீர். பிரிம்லி சாலையைத் தெற்கே முடியுமட்டும் பிடித்தால் செங்குத்தாக இறங்கி ஒன்ராறியோ ஏரிக்கரைப் பூங்காவில் விடும். பின்னால் வெளிர்நிறக் களிமண் பாறைகள், சில இடங்களில் 90 மீற்றர் உயரம், கரையோரம் 15 கிலோமீற்றர் வரை நீளும். 1793இல் இங்கே வந்த ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோவுக்கு இவற்றைப் பார்த்ததும் இங்கிலாந்தின் ஸ்காபரோ நினைவு வந்ததாம். எங்கள் ஊருக்குப் பெயர் வந்த கதை அது. அவரும் புதிதாக வந்தவர்தான். பாறையின் விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள், மண் சரியும். கீழே மணலில் இருங்கள். ஆனியில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.

அம்மா விசா கிடைத்து வந்த கோடையில் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அக்கரை தெரியாத தண்ணீரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். குளிருக்கு ஒரு சத்தம் போட்டார். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். "உப்பே இல்லை" என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல. பிறகு மணலில் உட்கார்ந்து, கடையில் வாங்கிப் போன பருத்தித்துறை வடையை ஒவ்வொன்றாக உடைத்துச் சாப்பிட்டார். அதில் உப்புச் சரியாம்.