ஹீட்டருக்கு மேலே ஒரு அலமாரிப் பலகை

லண்டன் வீட்டில் ரேடியேட்டருக்கு (சுவரோரம் பொருத்திய வெந்நீர் ஹீட்டருக்கு) மேல் சுவர் சும்மா கிடக்கிறதே என்று ஒரு பலகையை மாட்டினேன். இடைவெளி 4 செ.மீ.தான் விட்டிருந்தேன். ஒரே குளிர்காலத்தில் பலகை வளைந்து, ஓரப்பட்டை உரிந்துவிட்டது. புத்தகங்களின் பாரத்தில், திருகைப் பிடிக்கச் சுவரில் செருகியிருந்த பிளாஸ்டிக் பிளக்கும் ஆட ஆரம்பித்தது. எங்கள் சுவர் செங்கல் இல்லை, பிளாஸ்டர்போர்டு எனும் மெல்லிய ஜிப்சம் பலகை. பிளக்கை மட்டும் நம்பியது என் தப்பு.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. முக்கியமான கவலை, சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய். சில வீடுகளில் அது தரையிலிருந்து வராமல் மேலிருந்து சுவருக்குள் இறங்கும். ஆறியிருந்த ஹீட்டரைப் போட்டு, சிறிது நேரம் கழித்துச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். வலது ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு இளஞ்சூடாக இருந்தது. முதல் தடவை அங்கே துளை போடாதது பெரிய அதிர்ஷ்டம்! மின்கம்பி எங்கே என்று டிடெக்டரால் பார்த்தேன். அப்புறம் ஒரு காந்தத்தை நகர்த்தி, போர்டின் திருகுகள் இருக்கும் வரிசையைப் பிடித்தேன். அதன் பின்னால்தான் மரச்சட்டம். பிராக்கெட்டுகளை நேரே அந்தச் சட்டத்தில் முடுக்கினேன்.

இப்போது இடைவெளி 15 செ.மீ. அறையின் சூட்டைப் பொறுத்துத் தானே திறந்து மூடும் வெப்ப வால்வு இருக்கும் பக்கம் பலகை நீளவில்லை. மூடினால் சூடு அங்கேயே தேங்கி, அறை சூடாகும் முன்பே வால்வு அடைத்துக்கொள்ளும். மெழுகுவர்த்தி, ஸ்ப்ரே டப்பா எதையும் பலகையின்மேல் வைப்பதில்லை.