டார்ட்டாய்ஸ் குழுவின் இசையைக் கேட்கப் பழகுவது எப்படி?

பாட்டு வரிகள் பெரும்பாலும் இல்லாத டார்ட்டாய்ஸ் குழுவின் இசையை முதன்முறை கேட்பவர்கள், முதன்மை மெட்டு எப்போது வரும், யார் தனித்து வாசிக்கப் போகிறார் என்று காத்திருந்து சலித்துப்போவதுண்டு. 1990-ஆம் ஆண்டையொட்டிச் சிகாகோவில் உருவான இக்குழு, ராக் இசையோடு ஜாஸ், டப் (ஜமைக்காவின் ரெகே இசையிலிருந்து பிறந்த, எதிரொலியும் பேஸும் மேலோங்கும் பாணி), மின்னணு இசை ஆகியவற்றைக் கலந்தது. அந்தக் கலவையைக் காது பிரித்தறிய வேண்டுமானால், கேட்கும் முறையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

1998-இல் வெளியான ‘டிஎன்டி’ (TNT) தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜெஃப் பார்க்கர் பங்கேற்று வந்த முதல் டார்ட்டாய்ஸ் தொகுப்பு இது. 1965-இல் சிகாகோவின் கறுப்பின இசைக்கலைஞர்கள் நிறுவிய ஏஏசிஎம் அமைப்போடு தொடர்புடையவர் அவர். தொகுப்பின் தலைப்பையே பெயராகக் கொண்ட முதல் இசைக்கோவையை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். தாளம் இறுகாமல், எதையோ தேடுவதுபோல் தொடங்கி, கிட்டார் வந்து சேர்ந்த பிறகே மெல்ல நிலைபெறுவதைக் கவனிப்பீர்கள். இரண்டாம் முறை பேஸ் கிட்டாருக்குக் காது கொடுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் சரியாகக் கேட்காது என்பதால் நல்ல ஹெட்ஃபோன் அவசியம்.

கச்சேரியில் ஒருவர் ராகத்தை விரிக்க மற்றவர்கள் துணைநிற்கும் மனோதர்மத்துக்கு, அதாவது மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கும் முறைக்குப் பழகிய நமக்கு ஒரு தடுமாற்றம் நேரும். இங்கே பெரும்பாலும் எவரும் முன்னால் நிற்பதில்லை. கோலால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும் (உலோகப் பட்டைகள் கொண்டது) மரிம்பாவும் (மரப்பட்டைகள் கொண்டது) கிட்டாரும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நகர்கின்றன. ஆகவே தனிவாசிப்பைத் தேடாமல், ஒருவர் சிறிது மாற்றியதும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். என் கணிப்பில் இக்குழுவின் ஜாஸ் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்து 1996-ஆம் ஆண்டின் ‘ஜெட்’ (Djed) என்னும் இசைக்கோவைக்கு ஏறத்தாழ 21 நிமிடங்களை ஒதுக்குங்கள். அதை இடைநிறுத்தாமல் கேட்பது முக்கியம். பாதியைக் கடந்த பின் ஒலிநாடா அறுந்து சிதைவதுபோல் ஓரிடம் வரும். பதிவில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். வாசித்ததை வெட்டி ஒட்டுவதும் இவர்களுக்கு இசையமைப்பின் ஒரு பகுதியே. டிரம்ஸ் வாசிப்பவரும் ஒலிப்பொறியாளருமான ஜான் மெக்கென்டயர் அந்த வேலையைப் பின்னர் கணினிக்குக் கொண்டுசென்றார். ‘டிஎன்டி’ அவ்வாறு ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் உருப்பெற்றது. இதற்கு முன்னோடியை அறிய விரும்பினால், தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவை வெட்டி அமைத்த, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1969-ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘இன் எ சைலன்ட் வே’யைக் கேளுங்கள்.

இவை பழகிய பிறகு, டார்ட்டாய்ஸ் கலைஞர்கள் சிலர் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிக்கும் ராப் மசூரெக்குடன் இணைந்த ஐசோடோப் 217 குழுவுக்குச் செல்லலாம். அங்கே ஜாஸ் வெளிப்படையாகவே முன்னுக்கு வருகிறது. அதற்கும் பிறகு, பார்க்கரும் பங்கேற்ற, டிரம்ஸ் கலைஞர் மக்காயா மெக்ரேவனின் ‘இன் த மொமென்ட்’ (2015) தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் நேரடியாக வாசித்துப் பதிவான சுமார் 48 மணிநேர மனோதர்ம இசையிலிருந்து தேர்ந்து, வெட்டி, அடுக்கி அதை அவர் உருவாக்கினார். அதில் கைதட்டல் கேட்கும் இடங்களையும், ஒரே இசைத்துணுக்கு பிசகின்றித் திரும்பத் திரும்ப வரும் இடங்களையும் குறித்துக்கொண்டு கேட்டால், மேடையில் பிறந்தது எது, பின்னர் தொகுக்கப்பட்டது எது என்று ஓரளவு பிரித்தறிய முடியும்.