நடனக் கலைஞர்களைப் படமெடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதிதாக வருபவர்கள் பலரும் சறுக்குவது ஒரே இடங்களில்தான். பேட்டரி, மெமரி கார்டு பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை.

"இன்னொரு தடவை குதிங்க"

இதைக் கேட்டாலே எனக்கு இன்னமும் கோபம் வரும். நல்ல நடனப் பயிற்சிக்கூடங்களில் தரைக்கு அடியில் ரப்பரோ நுரையோ வைத்திருப்பார்கள். இறங்கும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். படமெடுக்கத் தேடிப் போகும் கைவிடப்பட்ட கட்டடத்துக் கான்கிரீட் எதையும் வாங்காது. அத்தனையும் கணுக்காலிலும் முழங்காலிலும்தான் போய் விழும்.

ஒரு பழைய ஆலையில் நடந்த ஷூட்டுக்கு லைட் பிடிக்கப் போயிருந்தேன். படமெடுத்தவர் ஃப்ளாஷை நகர்த்திக்கொண்டே இருக்க, ஆட வந்திருந்த பெண் மெல்லிய உடையில் குளிரில் நின்றார். உடற்பயிற்சி செய்து ஏற்றிய சூடெல்லாம் ஆறிப்போனது. பிறகு படமெடுத்தவர் அவரைக் குதிக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் குதிப்பின் உச்சத்தைக் கண்ணால் பார்த்த பிறகே ஷட்டரை அழுத்தினார். படத்தில் விழுந்ததெல்லாம் இறங்கும் உடல், மேலே கிளம்பிய கூந்தல், இறுகிய முகம். "சூப்பர், இன்னொரு தடவை." கடைசியில் அந்தப் பெண் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஆடவிருந்த மேடையும் கைநழுவியது. ஒரு படம்கூடத் தேறவில்லை.

உச்சம் கண்ணில் பட்டபின் அழுத்தினால் தாமதம்தான். கலைஞரை வாய்விட்டு எண்ணச் சொல்லி, அந்தத் தாளத்தோடு அழுத்துங்கள். லைட்டையும் ஃபோகஸையும் வேறொருவரை நிற்கவைத்துச் சரிபாருங்கள். எத்தனை முறை குதிப்பது என்பதை முன்கூட்டியே கலைஞர் சொல்லட்டும், அதைத் தாண்டாதீர்கள். கேமராவைத் தரையோடு தாழ்த்தினால் பாதிக் குதிப்பே உயரமாகத் தெரியும்.

ஷட்டர் வேகத்தை மட்டும் நம்புவது

பகல் வெளிச்சத்தில் ஷட்டரை 1/1000 நொடி வைத்தால் அசைவு உறைந்துவிடும். ஸ்டூடியோவில் ஃப்ளாஷோடு சாதாரணமாக 1/200, 1/250 தாண்ட முடியாது. அங்கே அசைவை நிறுத்துவது ஃப்ளாஷ் ஒளிரும் நேரம். முழு பவரில் அடித்துவிட்டு, கை ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்கிறார்கள். ஸ்பீட்லைட்டில் (கேமரா மேல் மாட்டும் சின்ன ஃப்ளாஷ்) பவரைக் குறைத்தால் அந்த நேரம் சுருங்கும். பழைய ஸ்டூடியோ ஃப்ளாஷ்கள் பலவற்றில் நேர்மாறு, கையேட்டைப் பாருங்கள்.

வைட் லென்ஸோடு நெருங்குவது

ஓரத்தில் விழும் கால் இழுபட்டு நீளும். தள்ளி நில்லுங்கள்.

ஃப்ரேமில் விரல் நுனியை வெட்டுவது

கூடவே கூடாது.

கலைஞரோடுதான் முதன்முதலாக இடத்தைப் பார்ப்பது

உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, துணைக்கு ஒருவரோடு முன்பே போய்விட்டு வாருங்கள். மரத்தளம் மேலே பளிச்சென்று இருக்கும், அடியில் உளுத்திருக்கும். உடைந்து கிடக்கும் பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பெருக்கினால் அதன் இழைகள் காற்றில் கலந்துவிடும். அந்த அறையே வேண்டாம். மற்ற இடங்களில் பெருக்கி முடித்தபின் டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்துப் பாருங்கள், மிச்சக் கண்ணாடிச் சில்லு மின்னும். வெறுங்காலில் ஆடுபவருக்கு அது ஒன்று போதும். செருப்பும் போர்வையும் ஃப்ரேமுக்கு வெளியே, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.