சூதாட்டச் சட்டத்தின் ஒரு பிரிவை நீக்கும் சட்டமுன்வடிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலாற்றங்கரையில் புளியமரத்தடியில் காசு வைத்துச் சீட்டாடியதாகப் பிடிபட்ட ஒருவர், தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், 1930-இல் பொது இடத்தில் சூதாடுவதைத் தண்டிக்கும் 12ஆம் பிரிவின்கீழ்ப் பதிவான வழக்குக்காக, அன்றைய கூலியை இழந்து வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வாய்தாவுக்கு நிற்பதைக் காணும் சட்டமன்ற உறுப்பினருக்கு, அந்தப் பிரிவையே நீக்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அதற்கான சட்டமுன்வடிவு இரண்டு வரிகளில் முடிந்துவிடும் என்பதால்தான் அதை எழுதுவோர் அவசரப்பட்டுத் தவறு செய்கிறார்கள்.

எந்தச் சட்டத்தைத் திருத்துகிறோம் என்பதிலேயே முதல் தவறு நேர்கிறது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டத்தை மேற்கோள் காட்டி வரைவு எழுதுவோர் உண்டு. அது நம் மாநிலத்துக்குப் பொருந்தாது. பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடைமுறையில் இருப்பது 1930ஆம் ஆண்டுச் சட்டமே. சென்னை மாநகருக்கோ 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் தனியாக இருப்பதால், இங்கே நீக்கிய குற்றம் அங்கே அப்படியே நிற்கும். மாநிலம் முழுவதும் மாற்றம் வேண்டுமானால் இரண்டு சட்டங்களையும் திருத்த வேண்டும். 2021இல் சேர்க்கப்பட்ட இணையவழி விளையாட்டுத் திருத்தங்களை அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்ததால், அவற்றோடு அச்சான பழைய புத்தகத்தை வைத்து வரைவு எழுதுவதும் ஆபத்தானது.

பிரிவு நீங்கினால் நிலுவை வழக்குகளும் தானாக விழுந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நீக்கும் சட்டத்தில் வேறு எண்ணம் வெளிப்படாவிட்டால், முன்பே நடந்த குற்றத்துக்கான விசாரணையும் தண்டனையும் தொடரும் என்பதே, சட்டங்களுக்கு எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்லும் பொது வாசகங்கள் சட்டத்தின் (General Clauses Act) விதி. ஆகவே, யாருடைய துன்பத்தைக் கண்டு உறுப்பினர் இந்த முயற்சியைத் தொடங்கினாரோ, அவருக்கு இந்த இரண்டு வரிகளால் ஒரு பயனும் கிடைக்காமல் போகலாம். நிலுவையிலுள்ள வழக்குகள் கைவிடப்பட வேண்டுமா, கைப்பற்றிய பணம் உரியவரிடம் திரும்ப வேண்டுமா, முடிந்த தண்டனைகளின் நிலை என்ன என்பவற்றை, ஒரு வரி கூடினாலும் பரவாயில்லை என்று, வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும். இதில் தயக்கம் காட்டும் வரைவை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

பிரிவுகள் ஒன்றையொன்று பற்றி நிற்பதையும் கவனிக்க வேண்டும். சூதாட்ட விடுதியில் இருந்தவரைத் தண்டிக்கும் 9ஆம் பிரிவை எடுத்தால், சோதனை, சான்று, பொருள்களை அழித்தல் ஆகியவை குறித்த பிரிவுகளையும் வாசித்துப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். 5 முதல் 10 வரையிலான பிரிவுகள் திறன் விளையாட்டுகளுக்குப் பொருந்தா என்று காக்கும் 11ஆம் பிரிவைத் தேவையற்றது என்று கருதிச் சேர்த்து நீக்கிவிட்டால், இன்று குற்றமாகாத ஆட்டமும் நாளை சர்ச்சைக்குள்ளாகும்.

சட்டமுன்வடிவோடு இணைக்கும் நோக்கக் காரண விளக்கவுரையில் சூதாட்டத்தின் நன்மை தீமைகளைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. எந்தச் செயல் இனிக் குற்றமாகாது, எது தொடர்ந்து குற்றமாகவே இருக்கும் என்பதைச் சொன்னால் போதும். ஆளுநரின் ஒப்புதல் கிடைத்த பிறகு எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதும் வரைவிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் இடைப்பட்ட நாளில் பிடிபடுபவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்ற கேள்வி மறுபடியும் சத்துவாச்சாரிக்கே வரும்.