கார் திருட்டு கிளெய்மை மோசடி என்று சந்தேகப்பட்டபோது: என் அனுபவம்

கார் திருடு போய் கிளெய்ம் போட்ட பத்தாவது நாள், பணத்துக்குப் பதிலாக இன்சூரன்ஸ் நிறுவனத்தின் விசாரணை அதிகாரியின் போன்தான் வந்தது. பாலிசி எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இரண்டு சாவியில் ஒன்றைத்தான் ஒப்படைத்திருந்தேன், போலீஸ் புகாரில் இரவு 11 மணி என்றும் கிளெய்ம் படிவத்தில் 9 மணி என்றும் இருந்தது. மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தான், ஆனால் அன்று எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

போனில் எதையும் விளக்கப் போகாமல், கிளெய்மை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், என்னென்ன ஆவணம் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டேன். அப்புறம் பாலிசியை முழுசாகப் படித்தேன். விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்பது அதிலேயே ஒரு நிபந்தனை. மறுத்திருந்தால் அதையே காரணம் காட்டி கிளெய்மை நிராகரித்திருப்பார்கள்.

9 மணி நான் வண்டியை நிறுத்திய நேரம், 11 மணி காணோம் என்று பார்த்த நேரம். இதை நாலே வரியில் எழுதி, 9.04 என்று அச்சாகியிருந்த பார்க்கிங் ரசீதையும் இணைத்தேன். இரண்டாவது சாவி பழைய பையின் கிழிந்த உள்துணிக்குள் கிடந்தது!

அந்த அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தில் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். குத்துமதிப்பாகச் சொல்லி அது தவறாகிப் போனால் பொய் சொன்னதாகத்தான் ஆகும். பதிவு செய்ததன் நகலையும் கேட்டு வாங்கினேன். வாராவாரம் மின்னஞ்சலில் நிலவரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆறாவது வாரம் பணம் வந்தது.