ஜெட்டின் நிலையின்மை அலையிலிருந்து ஒலியைக் கணக்கிடுவது எப்படி?

நாசில் என்ற குழாய்முனையிலிருந்து வேகமாகப் பாயும் காற்றுத் தாரைதான் ஜெட். அதன் சத்தத்தைக் கணக்குப் போட உட்காரும் பலரும் முதலில் தேடுவது, அதன் விளிம்பில் தோன்றி ஓட்டத்தோடு நகரும் நிலையின்மை அலை எவ்வளவு பெரிதாக வளர்கிறது என்பதைத்தான். அதுவும் வேண்டும். ஆனால் ஒலியைத் தீர்மானிப்பதில், அந்த அலை எவ்வளவு நீளத்துக்குள் வளர்ந்து அடங்குகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

நிரல் எழுதுவதற்கு முன் இரண்டு அலைநீளங்களைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். நாசில் விட்டம் 5 செ.மீ., வேகம் நொடிக்கு 170 மீட்டர், அதாவது ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி (மேக் எண் சுமார் 0.5) என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்ட்ரூஹல் எண், அது 0.3-க்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஜெட் தூண்டலுக்கு அதிகம் மசியும். ஆய்வாளர்கள் குரோவும் ஷாம்பேனும் 1971-இல் ஒலிபெருக்கியால் ஜெட்டை அசைத்துக் காட்டியது இதைத்தான். நம் ஜெட்டில் அது 1020 ஹெர்ட்ஸ். அலை ஜெட் வேகத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டில் நகரும், ஆகவே அதன் நீளம் 10 செ.மீ. அதே அதிர்வெண்ணில் காற்றில் ஒலியின் நீளமோ 33 செ.மீ.

இந்த இரண்டும் ஒத்துப்போகாததுதான் முழு விஷயமும். ஒலியைவிட மெதுவாக, ஒரே சீரான உயரத்தில், முடிவில்லாமல் ஓடும் அலை தூரத்துக்கு ஒலியே அனுப்பாது. அதன் அழுத்தம் பக்கவாட்டில் 10 செ.மீ. போவதற்குள் கிட்டத்தட்ட 400-இல் ஒரு பங்காகிவிடும்.

சரி, அலையைக் கண்டுபிடிக்க வேண்டும். சராசரி வேகம் மையத்திலிருந்து வெளியே எப்படிக் குறைகிறது என்பதை அளந்தோ டான்ஹெச் (tanh) என்ற S வடிவ வளைவாகப் பொருத்தியோ எடுங்கள், நாசிலிலிருந்து தள்ளித்தள்ளிப் பல இடங்களில். ஒவ்வோர் இடத்திலும் அதிர்வெண்ணை மெய்யெண்ணாக வைத்து, இடத்துக்கிடம் வேகம் மாறும் ஓட்டத்தில் அழுத்த அலை எப்படிப் போகும் என்று சொல்லும் பிரிட்மோர்-பிரவுன் சமன்பாட்டுக்குச் சிக்கல் அலையெண்ணைத் தேடுங்கள் (அதன் மெய்ப்பகுதி அலைநீளத்தையும் கற்பனைப்பகுதி வளர்ச்சி வீதத்தையும் தரும்): அச்சிலிருந்து ஒரு தீர்வு, வெளியே தேய்ந்து போகும் இன்னொரு தீர்வு, இரண்டும், ஜெட்டும் வெளிக்காற்றும் கலக்கும் கலவைப் படலத்தின் நடுவில் சேர வேண்டும். சேரும்வரை நியூட்டன் முறையில் திருத்திக்கொண்டே போகலாம். படலம் தடித்து, வளர்ச்சி நின்று, அலை தேயத் தொடங்கும் இடத்துக்கு அப்புறம் ஆரத்தின் மெய் அச்சில் தொகையிட்டால் விடை கெட்டுவிடும், ஏனென்றால் அலையின் வேகமும் ஓட்டத்தின் வேகமும் சமமாகும் புள்ளி அப்போது குறுக்கே வந்துவிடுகிறது. தொகைப் பாதையைச் சிக்கல் தளத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோங்கள். பலர் இங்கேதான் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், அலை தேயும் பகுதி இல்லாமல் அதன் நீளம் தெரியாது.

வளர்ச்சி வீதத்தை ஓட்டத்தின் திசையில் தொகையிட்டால் அலைப்பொதியின், அதாவது வளர்ந்து தேயும் அந்த முழு அலையின், உருவம் கிடைக்கும். அதை ஃபூரியே மாற்றம் செய்து (அலையெண் வாரியாகப் பிரித்து), ஒலியின் அலையெண்ணுக்குள் அடங்கும் பகுதியை மட்டும் எடுங்கள். வெளியே போவது அது மட்டும்தான். மணி வடிவக் காஸியன் பொதியாக எடுத்துக்கொண்டு, உச்சியிலிருந்து 37 விழுக்காட்டுக்கு இறங்க எடுக்கும் தூரத்தை அதன் நீளம் என்போம். அச்சுக்கு 30 பாகையில் கேட்கும் ஒலியைப் பார்ப்போம். உச்ச உயரத்தை மாற்றாமல் இந்த நீளத்தை 10 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. ஆக்கினால் ஒலியழுத்தம் சுமார் 29 மடங்கு கூடுகிறது, ஏறக்குறைய 29 டெசிபெல்! பொதி பாதியாகச் சுருங்கியதற்கே இவ்வளவு. இதைப் பார்த்த பிறகு, வளர்ச்சி வீதத்தை மட்டும் துல்லியமாக்கிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒலியைவிட வேகமாக நகரும் அலைக்கு இத்தனை பாடு வேண்டாம். ஜெட் நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போய், அலை அதில் 70 விழுக்காட்டில், அதாவது 560 மீட்டரில் நகர்ந்தால், அது நேரடியாகவே மேக் அலைகளை, அதாவது சாய்வாகக் கிளம்பும் ஒலி அலைகளை, வீசும். 340-ஐ 560-ஆல் வகுத்து கொசைன் தலைகீழ் எடுங்கள், ஓட்டத்தின் திசையிலிருந்து சுமார் 53 பாகை. நேரியல் கோட்பாடு இங்கே அளவீட்டோடு நன்றாகவே ஒத்துப்போகும்.

ஒலியைவிட மெதுவான ஜெட்டில் அப்படி ஒத்துப்போகாது. சராசரிப் பொதியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அளவீட்டுக்கு வெகு கீழே நிற்கும். நிஜப் பொதி ஒரு நேரம் நீண்டும் ஒரு நேரம் சுருங்கியும் ஓடுகிறது, அந்தச் சுருங்கிய நேரங்கள்தான் ஒலியில் பெரும்பங்கைத் தருகின்றன. எனவே மைக்குகளை ஜெட்டை ஒட்டி, ஆனால் ஓட்டம் படாமல், ஓட்டத்தின் திசையில் வரிசையாகவும் வளையமாகவும் வையுங்கள். வளையத்தின் சராசரி, சுற்றிலும் ஒரேபோல் துடிக்கும் பகுதியைத் தரும், அச்சுக்கு நெருங்கிய சாய்கோணத்தில் மேலோங்குவது அதுதான். வரிசையில் இரண்டிரண்டு மைக்காக எடுத்து, தூரம் கூடக்கூட ஒத்திசைவு (இரண்டின் துடிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது) எப்படி விழுகிறது என்று அளந்து, அந்தச் சரிவையும் மாதிரிக்குள் கொண்டுவந்து கணக்கை மறுபடி ஓட்டுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இந்த மைக்குகள் காட்டும் அழுத்தத்தில் பெரும்பகுதி ஜெட்டோடு ஓடும் அலையுடையது, அதை ஒலி மட்டம் என்று எழுதிவிடாதீர்கள். ஒலியை அளக்கும் மைக் பல பத்து விட்டங்கள் தள்ளி இருக்க வேண்டும்.