ஆன்மிகப் புத்தகம் படித்த கையோடு செய்யக் கூடாதவை

ஆன்மிகப் புத்தகம் ஆளை மாற்றுமா என்று கேட்டால், மாற்றும் என்றுதான் சொல்வேன். கோபம் வருகிற நேரத்தில் ஒரு நொடி நிதானிக்க வைக்கும். பெரிய இழப்பு என்று நினைத்ததைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வைக்கும். ஆனால் சம்பளத்தையும் மாமியாரையும் முழங்கால் வலியையும் சேர்த்து மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கிறோம் பாருங்கள், அங்கேதான் முதல் தவறு.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்த வகைப் புத்தகங்கள் புதிதில்லை. ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1908ல் கைதாகி, சிறையில் இருந்த காலத்தில் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் புத்தகத்தை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். நினைப்பு எப்படியோ வாழ்க்கையும் அப்படியே என்பது அதன் சாரம். 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி போய்விட்டிருந்தது, வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னதும் பறிபோயிருந்தது. 1936ல் கண்மூடும் வரை கடன் அவரை விடவில்லை. நல்லதை நினைத்தால் பணம் தானாக வரும் என்று நம்பி இத்தகைய புத்தகங்களை வாங்குகிறவர்கள், மொழிபெயர்த்தவரின் கதையையும் சேர்த்துப் படிப்பது நல்லது. செக்கிழுத்த மனிதர் அதே சிறைவாசத்தில் ‘மெய்யறம்’ என்று ஓர் அறநூலும் எழுதினார். புத்தகத்தால் கிடைக்கக்கூடிய பலம் என்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

இன்னொரு தவறு கொஞ்சம் ஆபத்தானது. யோகிகளின் அற்புதங்களைப் படித்த வேகத்தில் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்துவது. இதற்கான பதில் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையிலேயே இருக்கிறது. அங்கே 1887ல் பிறந்த சுவாமி சிவானந்தர் மலேயாவில் டாக்டராக வேலை பார்த்தவர். துறவியான பிறகும் வைத்தியத்தை விடவில்லை; ரிஷிகேசம் பக்கம் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். நூற்றுக்கணக்கில் ஆன்மிக நூல் எழுதியவரே நோயாளிக்கு மருந்து கொடுத்திருக்கிறார். அவரைப் படிக்கிற நாம் மாத்திரையை நிறுத்த என்ன அவசியம்?

ஆனால் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது வேறு. படித்ததை அடுத்தவர் துக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது. துஷ்டி கேட்கப் போன வீட்டில், புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம், “மதினி, ஆத்மாவுக்கு அழிவே கிடையாது, அழாதீங்க” என்று ஒருவர் ஆரம்பிப்பார். சொன்னது தத்துவப்படி சரியாகவே இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு அந்த நேரத்தில் வேண்டியது பக்கத்தில் ஓர் ஆள், குடிக்க ஒரு டம்ளர் காப்பி, வந்தவர்களைக் கவனிக்க ஒரு கை. அழவும் விட வேண்டும். ஆஸ்பத்திரி வார்டில் போய், “எல்லாம் போன ஜென்மத்துக் கர்மா அண்ணாச்சி” என்று சொல்கிறவர்களும் உண்டு. கர்மா என்கிற கருத்தை நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் பொறுமை வருகிறது. படுத்திருப்பவரிடம் சொன்னால் அது குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. யாராவது கேட்டால் ஒழிய இந்தப் புத்தகங்களிலிருந்து ஒரு வரிகூட வெளியே எடுக்காமல் இருப்பது உத்தமம். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதும் இதில் சேர்த்தி.

சாரத்தைப் படித்துவிட்டு நூலைப் படித்ததாக நினைப்பதும் நிறைய நடக்கிறது. சலூனிலும் ஓட்டல் கல்லாவுக்கு மேலேயும் ‘கீதாசாரம்’ என்று ஒரு படம் மாட்டியிருக்குமே, ‘எது நடந்ததோ’ என்று தொடங்குவது. கீதையின் எழுநூறு சுலோகங்களில் அப்படியே அந்த வாசகம் எங்கேயும் கிடையாது. ஆறுதலான வரிகள்தான், மாட்டுவதில் தப்பில்லை. ஆனால் கீதையில் அர்ஜுனன் விடாமல் கேள்வி கேட்கிறான், தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றம் படத்தில் இல்லை. வாட்ஸ்அப்பில் மகான்கள் பேரில் வருகிற வரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிலர் எதிர்ப்பக்கம் போவார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது, புத்தகத் திருவிழாவுக்குப் போனால் ஒரு கட்டு. ரமணர் ‘நான் யார்?’ என்ற சிறு நூலில் இதைப் பற்றியே சொல்லியிருக்கிறார்: மனத்தை அடக்க வேண்டும் என்பதுதான் எல்லா நூல்களின் முடிவும் என்று தெரிந்த பிறகு நூல்களை அளவின்றிப் படிப்பதில் பயனில்லை, கற்றதை எல்லாம் ஒரு காலத்தில் மறக்க வேண்டியும் வரும். ஒரு புத்தகத்தை மூன்று தடவை மெதுவாகப் படிப்பது மூன்று புத்தகத்தை ஓட்டுவதைவிட மேல்.

அப்புறம் இந்தப் ‘பற்றற்ற’ ஆட்கள். கரண்டு பில் கட்ட மறந்தாலும் பற்றில்லை, தம்பி கல்யாணத்துக்குக் காசு கேட்டாலும் பற்றில்லை. அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, ரேஷன் கடை வரிசையில் வீட்டம்மா நிற்பார். பலனில் பற்று வேண்டாம் என்று சொன்ன அதே கீதை, வேலையைச் செய்யாதே என்று எங்கேயும் சொல்லவில்லை.

புத்தகம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, படித்த இரண்டு மாதம் கழித்து வீட்டு ஆச்சியிடம் கேட்பது. “ஆமா, இப்பல்லாம் முன்னைவிட ஜாஸ்தியால்லா எரிஞ்சு விழுத” என்று பதில் வந்தால், அடுத்த புத்தகத்தை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.